மலையிலிருந்து இறங்கி விடுதியில் கட்டில் பிடிப்பது எப்படி?

பிளஸ் டூ தேறியாகிவிட்டதா? கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டதா? சந்தோஷம். அதெல்லாம் சின்னப் பரீட்சை. படுக்க ஒரு கட்டில் வாங்குவதுதான் பெரிய பரீட்சை. கேரளத்து மலையூர்களான காந்தலூர், கீழாந்தூர், காரையூர்ப் பிள்ளைகளுக்காக அனுபவஸ்தன் எழுதும் யோசனைகள் இவை.

கூடுமானவரை தூரமாகப் பிறந்துவிடுங்கள். விடுதி விண்ணப்பத்தில் 'வீட்டிலிருந்து தூரம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கிலோமீட்டரை எழுத வேண்டும். காந்தலூரிலிருந்து மறையூர் சுமார் 15, அங்கிருந்து மூணாறு சுமார் 40. ஆக 55. சமவெளியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பட்டியல் போடுகிறவருக்கு 55 என்றால் ஒரு மணி நேரம். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதல் வகுப்புக்கு வந்துவிடலாமே! கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, ரோட்டில் நிற்கும் யானை, எதற்கும் கட்டம் கிடையாது. மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடத்தையே 2018 ஆகஸ்ட் மழையில் மண்சரிவு கொண்டுபோனது. அந்த மலைக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. தமிழ்நாட்டு உடுமலைப் பக்கம் இறங்கினால் மட்டும் என்ன, நடுவில் சின்னாறு காடு.

அடுத்து சான்றிதழ். அரசுச் சேவைக்கான அக்ஷயா மையத்தில் வரிசையில் நின்று வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போடுங்கள். நம் மலைப்பூண்டு விலை ஏறிய வருஷத்து வருமானமா, அழுகிய வருஷத்து வருமானமா என்று கேட்டுக் குழம்பாதீர்கள். சாதிச் சான்றுக்கு அப்பா பெயர் போதாது, தாத்தாவையும் எழுப்ப வேண்டும். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே கேரளத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். அது பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டிக்கு அன்றைக்குத் தேதி தெரிந்திருக்குமா, சீட்டைப் பத்திரப்படுத்தியிருப்பாளா? சரி, தமிழ்நாட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே நீங்கள் 'வெளி மாநிலம்'. இரண்டு ஊரிலும் விருந்தாளியாக இருப்பதும் ஒரு பாக்கியம்தான்.

வார்டனைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் தம்பி மகன் ஒரு ஊர்க் கல்லூரிக்கு இரண்டு கிலோ பூண்டு கட்டிக்கொண்டு போனான். வார்டன் ஒரு பல்லை உரித்து மோந்து பார்த்து, 'அசல் மலைப்பூண்டு' என்றார். பையை உள்ளே கொடுத்தார். பிறகு, 'இடம் இல்லை தம்பி, காத்திருப்புப் பட்டியலில் எழுதிவைக்கிறேன்' என்றார். பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று கேட்டதற்கு, 'அதெல்லாம் வெளியே சொல்கிற வழக்கமில்லை.' காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இன்ன மண்ணில் விளைந்தது என்பதற்காகவே அதற்கு மரியாதை. அதே மண்ணில் விளைந்த பையனுக்கு அது செல்லாது.

விடுதி கைவிட்டுப் போனால் வெளியில் வாடகை அறை. 'எந்த ஊர்? என்ன ஆளுங்க? கறி சமைப்பீங்களா?' என்ற மூன்று கேள்விக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முன்பணம் சொன்னதும் மயங்கி விழாமலிருக்கப் பயிற்சி எடுங்கள். இதற்கிடையில் வீட்டில் உங்கள் அறையை அம்மா ஹோம்ஸ்டேக்கு விட்டிருப்பாள். 2023இல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் தங்க விருது வாங்கிய காந்தலூராயிற்றே! நகரத்து மாணவர்கள் சனிக்கிழமை வந்து, யாரும் சாதி கேட்காமல், உங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்.

ஒருவேளை கட்டில் கிடைத்துவிட்டதா? அதன்பின் வாயைத் திறக்காதீர்கள். சேளன்னூர் ஸ்ரீநாராயணகுரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைப்பேசி கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட மறுத்த மாணவி ஃபஹீமா ஷிரினை வெளியே அனுப்பினார்கள். 2019 செப்டம்பர் 19இல் கேரள உயர் நீதிமன்றம், இணையம் கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஆகவே வாயைத் திறப்பதானால் கூடவே ஒரு வக்கீலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வார்டன் ஐயாக்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஜூனில் அந்தக் கிலோமீட்டர் கட்டத்தை அடித்துவிட்டு, 'ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, போய்ச் சேர எவ்வளவு நேரம்?' என்று கேளுங்கள். காலிக் கட்டில் எத்தனை, யார் எத்தனையாவது ஆள் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பசை வாளியை நாங்களே கொண்டுவருகிறோம்.