நான் என்ன அரசாங்கமா?

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஸ்வயம் தளத்தில் அரசியலமைப்புச் சட்ட வகுப்பில் சேர்ந்தேன். பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். இந்த வயதில் சான்றிதழைக் காட்டி எனக்கென்ன சம்பந்தமா பேசப் போகிறார்கள்? பேராசிரியர் நிதானமாகப் பேசுகிறவர். நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 68 நாள் உட்கார்ந்து கேட்டு, 7-க்கு 6 என்று தீர்த்தார்கள். நான் இட்லி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

அடுத்து மேனகா காந்தி வழக்கு. அவருடைய பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கிற நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது என் தலைக்கேறியது. ஹெல்மெட் இல்லாத தலை, சுலபமாக ஏறிவிட்டது. கடைத்தெருவில் வண்டியை மறித்த இளம் காவலரிடம், "பிரிவு 21 தெரியுமா தம்பி? தனிமனித சுதந்திரம்!" என்றேன்.

அவர் அபராத மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுல உயிர்தானே சார் முதல்ல வருது?"

இலவச வகுப்புக்கு அன்றுதான் முதல் கட்டணம் கட்டினேன்.

வெளியில் போன மானத்தை வீட்டில் மீட்கலாமென்று பார்த்தேன். மைத்துனர் வந்திருந்தார். தேர்தல் பற்றி வாயெடுத்ததுமே மனைவி கண்ணால் அடக்கினாள். பிரிவு 19, பேச்சுரிமை என்றேன்.

"அதெல்லாம் அரசாங்கத்துக்கிட்ட கேக்கறதுதானேங்க? நான் என்ன அரசாங்கமா?"

இயர்போன் இல்லாமல் பாடம் கேட்டதன் பலன். பிரிவு 12 எதெது 'அரசு' என்று வரிசை சொல்கிறது: ஒன்றிய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள். எங்கள் வீட்டில் நிதியும் உள்துறையும் அவளிடம்தான். இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை.

மறுநாள் பிரிவு 23, கட்டாய உழைப்புக்குத் தடை. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலைகூடக் கட்டாய உழைப்புதான் என்றார் நீதிபதி பகவதி. இந்தப் பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றார். மனசைத் தொட்ட தீர்ப்பு. முதல்முறையாக வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். அதே உருக்கத்தில், "இன்னொரு காபி" என்று குரல் கொடுத்தேன்.

சமையலறையில் மிக்ஸி நின்றது.

"அது தனியாருக்கும் உண்டாங்க?"

இயர்போன் வாங்கியாகிவிட்டது. டிகாக்ஷன் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது.