திருகாணிக்கு முன்னால் சீட்டு

மூக்குத்திக்குத் திருகாணி வாங்கப் போனாலும், ‘நகைச்சீட்டு சேருங்கக்கா’ என்று விற்பனைப் பெண் துரத்துகிறாரே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

அவரைத் துரத்துவது யாராம்? மாதத்துக்கு இத்தனை பேர் என்ற இலக்குதான். திருகாணியைக் கண்ணில் காட்டும் முன்பே செல்போன் நம்பர் கேட்பது அதனால்தான்.

அமெரிக்காவில் சீட்டுக்குப் பதில் கடையின் கிரெடிட் கார்டு. கே, ஜேர்டு நகைக்கடைகளை நடத்தும் ஸ்டெர்லிங் நிறுவனம், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கார்டுக் கணக்குத் தொடங்கியதாக எழுந்த வழக்கில் 2019-இல் 1.1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. எத்தனை விண்ணப்பம் பிடித்தார் என்பதை வைத்தே ஊழியரை எடைபோட்டார்கள் என்பதும் புகாரில் உண்டு. தங்கத்தை மட்டும்தான் எடைபோடுவார்கள் என்று நினைத்தீர்களா?

சீட்டு ஏன் 11 மாதத்தோடு முடிகிறது?
– வாசகர், குமுளி

கடைக்காரரின் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். 2014-ஆம் ஆண்டின் கம்பெனி டெபாசிட் விதிகள்படி, முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் அது டெபாசிட், கிடுக்கிப்பிடி ஆரம்பம்.

நாள் முழுக்க நிற்கும் அந்த விற்பனைப் பெண்கள் பாவமில்லையா?
– வாசகர், மூணாறு

நெக்லஸுக்கு வெல்வெட் மெத்தை, விற்பவருக்குத் தரை! கோழிக்கோட்டில் தொழிற்சங்கத் தலைவர் பி. விஜி முன்னின்று பெண்கள் போராடிய பிறகே, 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது.

நாற்காலி வந்துவிட்டது. சீட்டு சேராத நாளில் அதில் உட்கார, மேலாளரின் முகமும் சம்மதிக்க வேண்டுமே!