கலைக்கூடப் பிம்பவியல்: ஒரு முன்னாய்வு

கலைக்கூடங்களில் எடுக்கப்படும் ஒளிப்படங்களில் ஓவியம் நீங்கலாக எஞ்சும் அனைத்தையும் ஆராயும் துறை பிம்பவியல் எனப்படும். ஓவியத்தை ஆராய வேறு துறைகள் இருப்பதாலும், பார்வையாளர் எடுக்கும் படங்களில் ஓவியம் அரிதாகவே அகப்படுவதாலும் இத்துறையின் தேவை ஐயத்துக்கு இடமற்றது. பாரிஸ் நகரின் லூவ்ரில் உள்ள மோனாலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமுமே உடையது, அதன்முன் உயர்ந்து நிற்கும் கைபேசிகளையெல்லாம் சேர்த்து அளந்தால் பரப்பு அதனினும் மிகும் ஆதலின், அங்கு எடுக்கப்படும் படங்களின் பாடுபொருள் கைபேசியே என்பது இத்துறையின் முதற்கோள்.

ஆய்வுப்பொருள் இருவகைப்படும்: கண்ணாடிக்கு முன் நிற்பவை, கண்ணாடிக்குள் தெரிபவை. முன் நிற்பவை முதுகு, பிடரி, தோள்பை என மூன்று. தகப்பனின் தோளில் ஏறிய குழந்தையைப் பிடரியுள் அடக்குவர். ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் தாமஸ் ஸ்ட்ரூத் 1989 முதல் அருங்காட்சியகப் பார்வையாளரையே பேரளவுப் படங்களாக எடுத்து ஒரு வரிசை அமைத்த பின், முதுகு கலையாகாது என்னும் வாதம் வலுவிழந்தது. பிடரி பற்றிக் கூற ஒன்றுமில்லை.

கண்ணாடிக்குள் தெரிபவற்றின் வரலாறு சற்று நீண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூவ்ர் தன் ஓவியங்களுக்குக் கண்ணாடி இட்டபோது, அதைக் கண்டிக்க விரும்பிய எழுத்தாளர் ரோலன் டோர்ழெலேஸ், ரெம்பிராண்ட் ஓவியம் ஒன்றின் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டார் என்பர். பிம்பவியலின் முதலாசிரியர் இவரே. கண்ணாடி இடும் பணியில் முன்னர் இருந்த வின்சென்சோ பெருஜியா, 1911 ஆகஸ்ட் 21 அன்று மோனாலிசாவையே கழற்றிச் செல்ல, வெற்றுச் சுவரைக் காணக் கூட்டம் திரண்டது. ஓவியம் இன்றியும் இத்துறை இயங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஓவியம் இருண்டதாயின் உள்ளிருந்து வரும் ஒளி குறைந்து, கண்ணாடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மேலோங்குகிறது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை விலகி நின்று, முனைவாக்க வடிகட்டி எனப்படும் சுழல்கண்ணாடியை லென்சின்முன் பொருத்தித் திருப்பினால் இப்பிம்பம் பெரும்பாலும் மறையும். ஆய்வுப்பொருளையே அழிக்கும் இக்கருவியைத் துறையினர் பரிந்துரைப்பதில்லை.

இனி, துறையை இரண்டாகப் பிளந்த பச்சைப் பலகைச் சிக்கல். கண்ணாடியிட்ட இருண்ட ஓவியங்களின் மூலையில், வாசலை நோக்கி ஓடும் வெள்ளை மனிதன் பொறித்த பச்சைப் பலகை ஒன்று படங்களில் தோன்றுவது வழக்கம். இது அவசர வழியைக் காட்டும் பலகையின் பிம்பமே எனக் காவலாளிகள் கூறினும், அவர்கள் முனைவர் பட்டம் பெறாதோர் ஆதலின் அக்கூற்று ஏற்கப்படவில்லை. இடைச்செருகலார், பலகை பிற்காலத்தது, அதை நீக்கியே ஓவியத்தைப் பதிப்பித்தல் வேண்டும் என்பர். மூலவாதியரோ, யான் வான் ஐக் 1434இல் தீட்டிய அர்னோல்ஃபினி ஓவியத்தில் பின்சுவர்க் கண்ணாடிக்குள் வாசலில் நிற்கும் இருவர் தெரிவதைக் காட்டி, ஓவியன் பிம்பத்தைத் தானே தீட்டும் மரபு உண்மையின் பலகையும் அவன் தீட்டியதே என்பர். அவ்வோவியத்தில் பலகை இல்லையே என்னும் தடைக்கு, ஏடு செல்லரித்தது என்பது விடை. ஏடன்று, பலகைமேல் எண்ணெய் வண்ணம் எனத் திருத்திய மறுப்புரையும், ‘பலகை’ என எதிரியே ஒப்புக்கொண்டார் என மகிழ்ந்த மறுப்பின் மறுப்பும், அம்மகிழ்ச்சியின் காலத்தை இரு நூற்றாண்டு முன்தள்ளிய அடிக்குறிப்பும், அவ்வடிக்குறிப்பில் ஓர் ஒற்றுப்பிழை கண்டு எழுந்த தனிநூலும் இன்றும் ஆய்வேடுகளில் மேற்கோளாகின்றன.

ஓடும் மனிதன் பிம்பத்தில் இடவலமாய் மாறித் தோன்றுவதால், தீப்பிடித்த வேளையில் எப்பாடத்தைப் பின்பற்றுவது என்பதும் முடிவாகவில்லை. இரு சாராரும் மூல ஓவியத்தை நேரில் கண்டதில்லை என்னும் குற்றச்சாட்டை இரு சாராரும் மறுக்கவில்லை. காண்பது நடுநிலையைக் கெடுக்கும் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

ஃபிளாஷ் ஒளி தனி நூலுக்கு உரியது. ‘நோ ஃபிளாஷ்’ என்னும் காவலாளிக் குரலின் ஒலியியல் அதன் பிற்சேர்க்கையாக அமையும்.