அதுவும் வேணும்லா!

நெஞ்சு வலிக்கிறது என்று யார் சொன்னாலும் 'திட்ட' அண்ணாச்சி முதலில் கேட்பது, "ஸ்மார்ட் கார்டுல பேரு இருக்கா?" என்பதுதான். பேர் இருக்கிறது என்றால், "என்ன எழுத்து போட்டிருக்கு? பிஎச்எச்சா, என்பிஎச்எச்சா?" என்பார். அது ரேஷன் அரிசிக்கான எழுத்து. நெஞ்சுவலிக்காரர் அதற்குள் தரையில் உட்கார்ந்திருப்பார்.

இவருக்குத் தெரியாத அரசுத் திட்டம் கிடையாது. கோளாறு தெரிந்ததைச் சொல்கிற விதத்தில்தான். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல, ரேஷன் கார்டு போதும்" என்பார். நம்பிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், வரிசையில் நின்று, திருப்பி அனுப்பப்பட்டு வந்தால், வாசலிலேயே விசாரணை. "ஆதார் கொண்டு போனியளா? அதுவும் வேணும்லா!" ஆதாரோடு போய்த் திரும்பினால், "வருமானச் சான்று? வருசத்துக்கு 1,20,000 ரூவாய்க்குள்ள இருக்கணும்லா!" அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அது விஏஓவிடம் கொஞ்ச நாள், ஆர்ஐயிடம் கொஞ்ச நாள் இருந்து, தாசில்தார் ஒப்புதலோடு கைக்கு வரும். அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தெருமுனையில் நின்று கேட்பார்: "மருமக பேரு கார்டுல ஏறிட்டா?"

ஏறவில்லை.

"அவ அம்மா வீட்டு கார்டுல பேர எடுத்தாத்தான இங்க ஏறும்! அது தெரியாதா?"

"எல்லாத்தையும் மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"நீங்க கேக்கலியே!"

கேட்காததற்குப் பதில் சொல்லக்கூடாது என்பதில் அவ்வளவு கறார். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தவனுக்கு அண்ணாச்சி எதற்கு என்று அவர் யோசிப்பதில்லை.

பேச்சிலும் ஒரு குழப்பம் உண்டு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-இல் மத்திய அரசின் பிஎம்ஜேஏஒய் திட்டத்தோடும் இணைந்தது. அண்ணாச்சி காலையில் 'கலைஞர் கார்டு' என்பார், மத்தியானம் 'சிஎம் கார்டு', சாயங்காலம் 'பிஎம்ஜேஏஒய்'. கேட்கிறவர் தனக்கு மூன்று அட்டை வரவேண்டும் என்று காத்திருப்பார்.

பைக்கில் விழுந்து கால் முறிந்தவரைப் பார்க்க மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "நாப்பத்தெட்டுல போட்டிருக்கலாமே!" என்று வருத்தப்பட்டதும் இவர்தான். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசே செலவை ஏற்கிற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மூன்றாம் நாள் அது வெறும் பொது அறிவு.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். "இந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கு. ஆனா எலும்புக்குத்தான் இருக்கு, இதயத்துக்கு இல்ல" என்பார். சரியான தகவல், வாசலில் ஆட்டோவை அனுப்பிய பிறகு. வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் நிற்கிற மதினியிடம், "ப்ரீ-ஆத் போயிருக்கு, க்வெரி வந்திருக்கு" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்வார். மதினி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார். விஷயம் இவ்வளவுதான்: ஆபரேஷனுக்கு முன்பு ஸ்கேன், ரிப்போர்ட்டுகளை அனுப்பி அனுமதி வாங்க வேண்டும், அனுப்பியதில் ஒரு தாள் குறைகிறதாம். இதை இப்படியே சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும்?

ஆனாலும் இந்த மனிதரை வைய வாய் வருவதில்லை. அந்தக் குறைந்த தாளை ராத்திரி பதினோரு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரை எழுப்பி எடுத்து வந்தவர் இவர்தான். ஒருவரிடமும் காலணா வாங்கியதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்கூட, "சீனி இல்லாம" என்று அதையும் பாதிதான் குடிப்பார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரைப் பார்த்து முதலில் கண் கலங்கியவரும் அவரே. கலங்கிய கண்ணோடு, "டிஸ்சார்ஜ் சம்மரிய பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றார்.

என் கோபம் வேறு இடத்தில். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. சின்ன விஷயமா இது? ஏழைக்காகப் போட்ட திட்டம் ஏழைக்குப் புரிய ஏன் இடையில் ஒரு ஆள் வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிற இந்தப் பழக்கத்தை அண்ணாச்சி வீட்டில் கற்கவில்லை. கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்று கற்றார். அங்கேயும் ஒரு நடைக்கு ஒரு ஆவணம்தான் சொல்கிறார்கள். பேனரில் தலைவர்கள் சிரிக்கிற இடத்தில் கால்வாசி போதும்: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, எல்லாவற்றுக்கும் நகல் என்று ஒரே பட்டியலாகப் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம். அதை ஒட்ட ஒரு வாளிப் பசை ஆகும். அந்தப் பசை வாங்கவும் ஏதாவது ஒரு திட்டத்தில் நிதி இருக்கும். அண்ணாச்சிக்குத் தெரிந்தும் இருக்கும். யாராவது கேட்க வேண்டும்.