எட்டே படியில் ஆஸ்பத்திரி மருந்தாளுநர்

தேர்வாய்கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் நைட் ஷிப்ட் பார்த்து அலுத்துவிட்டதா? ஊத்துக்கோட்டையிலேயே இருந்துகொண்டு, ஃபேனுக்குக் கீழே, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்க ஆசையா? ஆஸ்பத்திரி மருந்தாளுநர் ஆகிவிடுங்கள். பாதி வழி உங்களுக்கே தெரியும். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். டி.ஃபார்ம் 2 வருடம், பி.ஃபார்ம் 4 வருடம், 2008-ல் வந்த ஃபார்ம்.டி 6 வருடம். எந்தப் படிப்பு வார்டுக்கு, எது கம்பெனிக்கு என்றெல்லாம் விசாரிக்காதீர்கள். எந்தக் கல்லூரியில் அட்டெண்டன்ஸ் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்பது ஃபீஸ் கட்டி முடித்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

2. பயிற்சி. டி.ஃபார்ம் முடிப்பவருக்கு 500 மணி நேரப் பயிற்சி உண்டு, அதுவும் 3 மாதத்துக்குக் குறையாமல். அதில் 250 மணி நேரம் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்துப் பழக வேண்டும். மெடிக்கல்ஸ் வைத்திருக்கும் நண்பர் இல்லாத மாமா நம் பக்கத்தில் உண்டா? அந்த நண்பரிடம் ஒரே மதியத்தில் 500 மணி நேரத்துக்கும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இடையிடையே பேனா நிறத்தை மாற்ற மறக்காதீர்கள்.

3. பதிவும் அனுபவமும். 1948-ஆம் வருட ஃபார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். ஆகவே தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, சர்டிஃபிகேட்டை லேமினேட் போட்டு, மாத வாடகைக்கு விடுங்கள். அது கடைச் சுவரில் தொங்கட்டும், நீங்கள் வேறு பிழைப்பைப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் கடைப் பையன் பார்த்துக்கொள்வான்: “இப்பத்தான் சார் சாப்பிடப் போனாரு.” அந்தச் சாப்பாடு மூன்று வருடம் நீண்டால், இன்டர்வியூவில் மூன்று வருட அனுபவம் என்று சொல்லுங்கள்.

4. சீட்டு. வேலை கிடைத்துவிட்டதா? முதல் மூன்று எழுத்துக்கு மேல் படிக்காதீர்கள். ‘மெட்’ என்று ஆரம்பித்தால் கைக்கு எட்டிய அட்டையை எடுங்கள். மெட்ஃபார்மின் சுகருக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. இரண்டும் மாத்திரைதானே! சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் போடாதீர்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

5. கவர். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. எந்தக் கிழமை என்று கவரில் எழுதாதீர்கள். பழக்கதோஷத்தில் “தினம் ஒண்ணு” என்று சொல்லி அனுப்புங்கள். எலும்பு மஜ்ஜை அடிவாங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரியும்போது நோயாளி வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்.

6. ஃப்ரிட்ஜ். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். நடுத்தட்டில் உங்கள் டிபன் பாக்ஸ் இருப்பதால் இன்சுலினை ஃப்ரீஸரை ஒட்டித் தள்ளுங்கள். உறைந்து உருகினால் வேலைக்கு ஆகாது, பரவாயில்லை. குப்பியில் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டாம். 100 யூனிட் குப்பியோடு சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சைக் கொடுத்துவிடுங்கள். அதே கோடு வரைக்கும் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். அரசாங்கமே இவ்வளவு தாராளம் காட்டாது.

7. ஸ்டாக். புதுப் பெட்டியை முன்னால் அடுக்குங்கள், அலமாரி பளிச்சென்று இருக்கும். பின்னால் இருப்பது தானாகவே எக்ஸ்பயரி ஆகிவிடும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி, அந்தப் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்புங்கள். குமார், முருகன், மறுபடியும் குமார்.

8. நோயாளி. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்து தெலுங்கில் கேட்பார்கள். தமிழில் வேகமாகப் பதில் சொல்லுங்கள். தமிழில் கேட்டால் விரலைக் காட்டுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கும் பாட்டிக்கு “நெக்ஸ்ட்!” என்ற ஒரு சொல் போதும். பக்கத்து சுருட்டப்பள்ளியில் ஆலகாலம் குடித்த சிவன் மயங்கிப் படுத்திருக்கிறார். அந்த விஷம் தொண்டைக்குக் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்த அம்மன் இருந்தாள். பாட்டிக்கு அப்படி ஒருவர் எதற்கு?

உங்கள் அம்மாவுக்கு சுகர் மாத்திரை எடுக்கும்போது மட்டும் சீட்டையும் அட்டையையும் இரண்டு தடவை ஒப்பிட்டு, தேதியைப் பார்த்து, வேளையை எழுதிக் கொடுங்கள். எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படித்திருக்கிறீர்களே!