குண்டு பல்பும் குட்டைக் கோழியும்

மார்கழி பிறந்ததும் செங்கல்பட்டில் நாங்களாகவே குளிர்காலம் என்று தீர்மானம் போட்டு மங்கி குல்லாவை எடுத்துவிடுவோம். விடியற்காலையில் 20 டிகிரி இருக்கும். ஊட்டிக்காரர் வந்தால் ஃபேன் சுவிட்சைத் தேடுவார்.

ஒரு மார்கழியில் மகன் அழுது வாங்கிய மூன்று பேண்டம் கோழிகள் வீட்டில் இருந்தன. ஒரு சேவல், இரண்டு பெட்டை. ஜாவாவில் உள்ள பான்டென் துறைமுகத்தின் பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் பேண்டம் ஆனது. ஒவ்வொன்றும் முக்கால் கிலோ தேறாது. பனி கொட்டும் தேசங்களில் கோழிக்குக் கொண்டை உறைந்து கறுத்துப்போகும் என்று படித்துத் தொலைத்திருந்தேன். அன்று சாயங்காலமே கூட்டைச் சுற்றித் தார்ப்பாய், மேலே கோணி, இடுக்கெல்லாம் பழந்துணி. அதில் ஒன்று பழந்துணி இல்லை, மனைவியின் பட்டு ரவிக்கை. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம்.

அடுத்து விளக்கு. முதலில் மாட்டிய 9 வாட் எல்.இ.டி. வெளிச்சம் கொடுத்தது, சூடு கொடுக்கவில்லை. நாலு கடை ஏறி இறங்கி 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பிடித்தேன்.

"ராத்திரி பத்து மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட். ரெண்டு மாசத்துக்கு அறுபது. கவர்மென்ட் சும்மா கொடுக்கிற நூறுல பாதிக்கு மேல கோழி மேயுதுங்க" என்றாள் மனைவி.

மேயவில்லை. மூன்றும் கூட்டைப் புறக்கணித்து முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. நான் டார்ச்சுடன் மரத்தடியில் நின்று, "வாம்மா, கீழே வாம்மா" என்று கெஞ்ச, பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். பல்பின் கதகதப்பை அனுபவித்தது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் எலிகளுக்கு நடுவே ஒரு பூனை கைதூக்கித் தவம் செய்யுமே, அதே சாந்தம் முகத்தில்.

இரண்டு நாளில் தும்மல் வந்தது, எனக்கு. கோழிக்கும் வருமோ என்று கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். தார்ப்பாயைத் தூக்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சார், கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி. இறகு வேற போர்த்தியிருக்கு. இந்தக் கடலோரத்துல அதுக்கு எமன் குளிர் இல்ல, ஈரம். கார்த்திகை மழையில நனைஞ்ச உமியை மாத்தாம மூடி வெச்சா எச்சத்துலேர்ந்து அமோனியா கிளம்பும். நீங்களே உள்ள தூங்கிப் பாருங்க."

சூடு குஞ்சுக்குத்தான் வேண்டுமாம். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். பல்புக்கடியில் அப்பிக்கொண்டால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் புழுக்கம், பரவி மேய்ந்தால் சரி. இதைக் கேட்டதும் என் பல்புக்கு எதிர்காலம் இருப்பதாகப் பட்டது.

ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. 21 நாள் விரல்விட்டு எண்ணினேன். ஐந்து குஞ்சுகள். பல்பும் வயருமாக ஓடினேன். தாய்க்கோழி என் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்திவிட்டு ஐந்தையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. மற்ற கோழிகளின் முட்டையைக்கூட பேண்டத்துக்கு அடைவைக்கும் வழக்கம் உண்டு என்பதை ரத்தம் துடைக்கும்போது மகன் சொன்னான்.

பல்பை மனைவி வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். குளிரில் இரண்டு நாளாகப் புளிக்காமல் கிடந்த இட்லி மாவுக்கு மேல் அதைத் தொங்கவிட்டாள். விடிந்து பார்த்தால் மாவு பொங்கிப் பாத்திரம் வழிய நின்றது.

"இதுக்காவது உதவுச்சே" என்றாள்.

பல்பைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.