அப்பா போட்ட கமா

எங்கள் வீட்டு வாசலில் ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. ஒன்றரை அடி நீளம். 2000-ஆம் வருஷம் நான் வேதியியலில் முதுகலை முடித்த கையோடு அப்பா செய்து மாட்டியது. என் பெயர், பக்கத்தில் ‘எம்.எஸ்சி.’, அதன் பக்கத்தில் ஒரு கமா. கமாவுக்கு அப்புறம் ஒரு சாண் வெறும் மரம்.

“ஏம்ப்பா கமா? அதோட முடிஞ்சுது இல்ல?” என்று அன்றைக்கே கேட்டேன்.

“அடுத்தது என்ன படிப்பியோ, அதுக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன்” என்றார்.

அடுத்தது ஒன்றும் படிக்கவில்லை. அம்பத்தூரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் போய் உட்கார்ந்தவன்தான். 2004-இல் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது பெண் வீட்டுப் பக்கம் ‘எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட்.,’ என்று மூன்று ரயில் பெட்டிகள் நின்றன. என் பக்கம் எஞ்சின் மட்டும். அச்சகத்துக்காரர் புரூஃபைப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு அவ்வளவுதானா சார்?” என்று கேட்டதை அப்பா இன்னும் மறக்கவில்லை. என் மனைவியும் மறக்கவில்லை, ஆனால் அவர் தமிழாசிரியை, வேறு மாதிரி சொல்வார்: “ஏங்க, அந்தக் காற்புள்ளி இலக்கணப் பிழைங்க.”

இப்படி 23 வருஷம் போனது. என் வேலை என்னவென்றால், அடியில் துளை போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தில் பெயின்டை ஊற்றி, அது முழுக்க ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. ஃபோர்டு கப் என்று பெயர். சீக்கிரம் ஒழுகினால் பெயின்ட் நீர்த்திருக்கிறது, தாமதமானால் கெட்டி. அந்தக் கிண்ணத்தையும் ஸ்டாப் வாட்சையும் வைத்துக்கொண்டு நான் மேலாளர் வரை வந்துவிட்டேன். அதற்கு மேலே போகிற படிக்கட்டில் மனிதவளத் துறைப் பெண் நின்றுகொண்டிருந்தார். என் பெண்ணைவிட நாலைந்து வயதுதான் பெரியவர் இருப்பார்.

“உங்க ப்ரொஃபைல்ல பிசினஸ் ஆங்கிள் மிஸ்ஸிங் சார்.”

அன்று ராத்திரி செல்போனில் ‘முதுகலை முடித்தவர்களுக்கு மேலாண்மைச் சான்றிதழ்’ என்று ஒரே ஒரு தடவை தேடினேன். அதற்கப்புறம் பஞ்சாங்கம் பார்த்தாலும் அதே விளம்பரம், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் அதே விளம்பரம். மூன்றாம் நாள் ‘கல்வி ஆலோசகர்’ என்று ஒருவர் அழைத்தார். “இன்னும் 3 சீட்தான் சார் இருக்கு” என்றார். இரண்டு வாரம் யோசித்தேன். அந்த இரண்டு வாரமும் 3 சீட்தான் இருந்தது.

இந்தப் படிப்பு யாருக்கென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே முதுகலை படித்து, ஒரு துறையில் பதினைந்து இருபது வருஷம் ஊறி, மேலே போகிற கதவருகே “எம்.பி.ஏ. உண்டா?” என்று கேட்கப்பட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு. அவர்களால் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் விடுதியில் தங்கி எம்.பி.ஏ. படிக்க முடியாது. வீட்டுக் கடன் இருக்கும், ப்ளஸ் டூ பிள்ளை இருக்கும், முழங்கால் வலி இருக்கும். அதனால் சனி, ஞாயிறு, ஒரு வருஷம், மடிக்கணினித் திரையில் கணக்கு, சந்தை, நிதி, மனிதவளம் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி. அமெரிக்காவிலும் இதே சமாசாரம் உண்டு. அங்கே நாலைந்து பாடம் முடித்தால் சான்றிதழ், பிற்பாடு எம்.பி.ஏ. சேர்ந்தால் அந்தப் பாடங்களைச் சில பல்கலைக்கழகங்கள் கழித்துக்கொள்ளும். இங்கே கழித்துக்கொள்வது நம் வங்கிக் கணக்கில் மட்டும்தான்.

கட்டணம் 1,80,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 32,400. ஆக 2,12,400. மாதம் 17,700 வீதம் 12 தவணை. “படிப்புக்கு ஏதும்மா வரி?” என்று கேட்டதற்கு மனிதவளத்துறைப் பெண்ணே விளக்கினார். சட்டம் அங்கீகரித்த பட்டத்துக்கான படிப்பென்றால் வரி விலக்கு. இது பட்டம் இல்லை, சான்றிதழ். பட்டத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெளிவாகப் புரியவைத்த ஒரே துறை வரித்துறைதான். ஆனால் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே பலகையைத் துணியால் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

எனக்கு நானே ஒரு ஆறுதல் சொல்லிக்கொண்டேன். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் 1961-இல் ஆரம்பித்தன. அவை எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க வழி செய்த சட்டம் வந்தது 2017-இல். அமலானது 2018 ஜனவரி கடைசியில். அதுவரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே படித்து நாட்டின் பெரிய கம்பெனிகளையெல்லாம் ஆண்டவர்கள் கையில் இருந்தது வெறும் டிப்ளமாதான். அவர்களே பட்டமில்லாமல் ஆண்டிருக்கிறார்கள். என்னால் ஒரு பரிசோதனைக் கூடத்தை ஆள முடியாதா?

வகுப்பில் 112 பேர். திரையில் 112 கட்டம். அதில் பாதி, புகைப்படம்கூட இல்லாத வெறும் எழுத்து. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டர். வகுப்பில் முதலில் கண் செருகியவர் அவர்தான். நாமக்கல்லிலிருந்து எம்.வி.எஸ்சி. படித்த கால்நடை டாக்டர் ஒருவர், கோழிப்பண்ணை ஆலோசகர். அந்த ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான சொத்து அவர்தான்.

சந்தைப்படுத்தலில் நான்கு ‘பி’ என்று ஒன்று உண்டு. பொருள், விலை, இடம், விளம்பரம். ஆங்கிலத்தில் நான்குக்கும் ‘பி’தான் முதலெழுத்து. ஜெரோம் மெக்கார்த்தி என்பவர் 1960-இல் எழுதிய புத்தகத்தில் வந்தது. பேராசிரியர் விலையைப் பற்றிப் பேசினார்: வாடிக்கையாளர் மனதில் பொருளுக்கு என்ன மதிப்பு என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப விலையை நாம் நிர்ணயிக்க வேண்டும். நாமக்கல்காரர் கை தூக்கினார்.

“சார், எங்க ஊர்ல முட்டை விலையை ஒருங்கிணைப்புக் குழு சொல்லும். கோழிக்கும் தெரியாது, பண்ணைக்காரருக்கும் தெரியாது. காலையில பேப்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவோம். இதுல நாங்க எந்த ‘பி’யை வெச்சுக்கறது?”

பேராசிரியர் அது நல்ல கேள்வி என்றார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டால் பதில் வராது என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 1970-இல் போட்ட ஒரு நாலு கட்டப் படத்துக்கும் இதே கதிதான். கம்பெனி விற்கிற பொருள்களை நட்சத்திரம், பால் கறக்கும் பசு, கேள்விக்குறி, நாய் என்று அதில் பிரிக்க வேண்டும். சந்தையும் வளராமல், அதில் நம் பங்கும் சொற்பமாக இருந்தால் அந்தப் பொருள் நாய். விற்றுத் தலைமுழுக வேண்டியது. நம்மவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாயைப் பத்தி இதைப் போட்டவருக்கு என்ன தெரியும்? பசுவைச் சும்மா கறந்துக்கிட்டே இருக்கலாம்னு வேற எழுதியிருக்கார். தீவனச் செலவு எந்தக் கட்டத்துல சார் வருது?”

வீட்டில் வேறு விதமான குழப்பம். இந்தப் படிப்பில் பாதிக்கு மேல் ‘கேஸ்’. ஹார்வர்டில் நூறு வருஷத்துக்கு முன்னால் பிடித்த பழக்கம். பாடமாக நடத்தாமல், ஒரு கம்பெனியின் இக்கட்டைப் பத்துப் பதினைந்து பக்கத்துக்குக் கதையாகக் கொடுத்து, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். எல்லாக் கதையும் ஒரு பெரிய அதிகாரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கவலைப்படுவதில்தான் ஆரம்பிக்கும். (அந்த ஜன்னலை அடைத்திருந்தாலே பாதிக் கம்பெனிகள் பிழைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.) ஒரு சனிக்கிழமை கும்பகோணத்துச் சித்தி வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா போனில், “அவன் எங்க வரப் போறான், அவனுக்கு வாரா வாரம் கேஸ் இருக்கே” என்று சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் சித்தி எனக்கே அழைத்தார்.

“சொத்துத் தகராறாடா? யார்கிட்டயும் சொல்லலையே! முதல்ல திருநள்ளாறு போய் ஒரு எள் தீபம் போட்டுட்டு வா.”

ஒரு மாதம் வரைக்கும் சொந்தபந்தத்தில் யாரைப் பார்த்தாலும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் நான் நிஜமாக மாட்டிக்கொண்டது கணக்குப்பதிவியல் வகுப்பில். பற்று, வரவு என்று இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் புத்தகமாக அச்சிட்டவர் லூக்கா பச்சியோலி என்கிற துறவி. அவர் படத்தைத் திரையில் போட்டார்கள். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சரியாக வரவேண்டும் என்பது வேதியியல்காரனுக்கு வெல்லக்கட்டி மாதிரி. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று என்றார் பேராசிரியர். எனக்குப் பொறி தட்டியது. சம்பளம் வந்தால் வங்கி ‘வரவு வைக்கப்பட்டது’ என்றல்லவா குறுஞ்செய்தி அனுப்புகிறது? கேட்டேன். பேராசிரியர் படம் போட்டார், அம்புக்குறி போட்டார், பத்து நிமிஷம் விளக்கினார். தலையாட்டிவிட்டு மைக்கை அணைத்தேன். அணைத்ததாக நினைத்தேன்.

அப்பா 34 வருஷம் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து 2002-இல் ஓய்வு பெற்றவர். பின்னால் ஈஸிசேரில் இருந்தார்.

“அது பேங்க்கோட புஸ்தகம்டா. நீ போட்ட பணம் அவனுக்குக் கடன். அவன் புஸ்தகத்துல வரவுலதான் நிக்கும். உன் புஸ்தகத்துல எழுதினா அதே பணம் பற்று. அவனவன் பேரேடு அவனவனுக்கு. இதைச் சொல்ல இத்தனை அம்புக்குறியா? இதுக்கா ரெண்டு லட்சம்?”

திரையில் நாலைந்து கட்டங்கள் குலுங்கின. தமிழ் தெரிந்தவர்கள். பேராசிரியர் வடக்கத்திக்காரர், யார் அது, என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் அப்பா என்று சொல்லி, கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். அருமை, இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். அந்தக் கடைசி வாக்கியத்தை நாமக்கல்காரர் மொழிபெயர்த்தார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா குளித்து, விபூதி இட்டுக்கொண்டு வகுப்புக்கு உட்கார ஆரம்பித்தார். என் வருகைப் பதிவு 81 சதவீதம். அவருடையது நூறு. “இந்தப் பச்சியோலி யாரு? இத்தனை வருஷம் எழுதினேன், ஆடிட்டர்கூடச் சொன்னதில்லையே” என்று அவருக்கு ஒரு மனக்குறை மட்டும் இருந்தது.

ஆறாம் மாதம் எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது, முதுகு பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பார்த்து, செலவழிந்து போன பணத்தைப் பற்றிய பாடம் வந்தது. போன பணம் போனதுதான். ஒரு காரியத்தைத் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது, இனி ஆகப்போகிற செலவையும் வரப்போகிற பலனையும் மட்டும் பார். பாடம் தெளிவாகப் புரிந்தது. உடனே விட்டுவிட வேண்டும் என்பதும் தெளிவாகப் புரிந்தது. ஆனால் 1,06,200 ரூபாய் கட்டியாகிவிட்டதே என்று விடவில்லை.

நிதிப் பாடத்தில் ஒப்படைப்பு கொடுத்தார்கள்: உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முதலீட்டை எடுத்து அதன் நிகர இன்றைய மதிப்பைக் கணக்கிடவும். நாளைக்கு வரும் நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய்க்குச் சமமில்லை என்பதுதான் இதன் சாரம். வரப்போகிற பணத்தையெல்லாம் வட்டி விகிதத்தால் சுருக்கி இன்றைய விலைக்குக் கொண்டுவர வேண்டும். நான் இந்தப் படிப்பையே எடுத்துக்கொண்டேன். சான்றிதழால் மாதம் 2,000 ரூபாய் சம்பளம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் வருஷம் 24,000. ஓய்வுக்கு 12 வருஷம். 10 சதவீத விகிதத்தில் சுருக்கினால் இன்றைய மதிப்பு 1,63,529. போட்டது 2,12,400. ஆக 48,871 ரூபாய் நஷ்டம். இந்த முதலீட்டைச் செய்திருக்கக் கூடாது என்று முடித்திருந்தேன். ‘சிறப்பான பகுப்பாய்வு’ என்று ‘ஏ’ கிரேடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அலுவலகத்தில் மட்டும் ஒன்று நடந்தது. எட்டு வருஷமாக நான் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் குடோனுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயிலில் டிரம் எல்லாம் வேகிறது, இங்கே 110 விநாடியில் ஒழுகின பெயின்ட் கோயம்புத்தூர் டீலரிடம் போய்ச் சேரும்போது 150 விநாடி ஆகிறது, அவர் தின்னரை ஊற்றிக் கலக்குகிறார், பிறகு சுவர் உரிகிறது என்று நம்மைத் திட்டுகிறார். எட்டு வருஷமும் “பார்க்கலாம் சார்.” இந்தத் தடவை நாலு கட்டம் போட்டேன். ஒன்றில் ‘சப்ளை செயின் ரிஸ்க்’, ஒன்றில் ‘பிராண்ட் ஈக்விட்டி’ என்று எழுதினேன். மீதி இரண்டில் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. பதினைந்தே நாளில் கூரை மாறியது. கூரை மாறியதில் சந்தோஷம்தான். ஃபோர்டு கப்பைப் பார்க்கத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சம்பளம் 1,500 கூடியது. ஒப்படைப்பைத் திருத்திப் போடவில்லை.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. பொதுமேலாண்மையில் நிர்வாகச் சான்றிதழ். ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் இ.சி.ஜி.எம். அப்பா பலகையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். இதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது, இது பட்டம் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் அவருக்குக் கேட்கவில்லை.

பலகை செதுக்குகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் சீட்டை வாசித்தார். “இ.சி.ஜி... எம். சார் ஹார்ட் டாக்டரா? எழுத்துக்கு 40 ரூபாய். ஆனா ஒண்ணு சொல்றேன், இதைப் போட்டீங்கன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னு கதவைத் தட்டுவாங்க.”

அப்பா யோசித்தார்.

“வேண்டாம்னா அந்தக் கமாவை மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சுடறேன். தெரியாது.”

“அதெல்லாம் அடைக்க வேண்டாம்” என்றார் அப்பா சட்டென்று. “பாலிஷ் மட்டும் போடுங்க.”

பாலிஷுக்கு 300. பில் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. சேர்த்து 354 என்றார். பில் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னை முறைத்தார்.

“வாங்குடா. பில் இல்லாம எதை வெச்சுப் பற்று எழுதறது?”